வலமிருந்து இடம்: பதினேழு

ஜெர்பா
8 அக்டோபர் 1978

அன்புத் தம்பி ஃபர்ஹாத்துக்கு, அக்கா மஸ்ஊதா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் புண்ணியத்தில் நானும் உம்மாவும் சுகம். உம்மாவின் முழங்கால் வலி மட்டும் காலையில் வந்து மத்தியானம் போய்விடுகிறது, விருந்தாளி மாதிரி. உன் உடம்பு எப்படி இருக்கிறது? நீ அனுப்பிய படத்தில் கன்னம் ஒட்டிக் கிடக்கிறது. மளிகைக் கடையில் வேலை செய்கிறவன் இப்படி இருந்தால் கடைக்குத்தான் கெட்ட பெயர்.

ஒரு சேதி. நம் ஜெர்பாத் தீவிலுள்ள உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் கலாசார இல்லத்தில் அரபியில் உலக வரலாற்றுக் குறுக்கெழுத்துப் போட்டி நடக்குமே, இந்த முறை அதற்குக் கட்டம் போடும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. இதுவரை தலைநகரிலிருந்து யாரோ ஒருவர் போட்டு அனுப்புவார். அவர் போட்டதெல்லாம் ராஜாக்களின் பெயரும் அவர்கள் செத்த வருஷமும்தான். நான் வகுப்பில் கட்டம் வைத்துத்தான் பரீட்சை நடத்துகிறேன் என்பது உனக்குத் தெரியும். தேதிகளை ஒப்பிக்கச் சொன்னால் கொட்டாவி விடுகிற பிள்ளைகள், கட்டத்தைக் கொடுத்தால் பென்சிலைக் கடித்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். கட்டம் போட்டவர் பெயர் தாளிலும் சுவரொட்டியிலும் அச்சாகும் என்று இல்லத்துச் செயலாளர் ஹிஷாம் சொன்னார்.

முதல் வரைவை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஹன்னிபாலின் யானைகள் தாண்டிய மலை, பாரிஸ் மக்கள் இடித்த சிறை, இப்படிப் போகும். போட்டுப் பார்த்து எங்கே முட்டுகிறது என்று எழுது.

இன்னொன்று. நம் பெயரிலிருந்து அதீக் என்ற சொல்லை எடுக்கச் சொல்லி நீதிமன்றத்தில் மனு கொடுத்துவிட்டேன். வக்கீல் இப்படி எழுதினார்: "மனுதாரரின் குடும்பப் பெயரான அதீக் பின் ஜல்லால் என்பது, பின் ஜல்லால் வீட்டார் விடுதலை செய்த அடிமை என்று பொருள்படும்." பிறந்ததிலிருந்து கூப்பிடுகிற பெயர்தான், ஆனால் அதை ஒரு வாக்கியமாக விரித்துப் பார்த்தது அன்றைக்குத்தான். எல்லோருக்கும் குடும்பப் பெயர் கட்டாயம் என்று சட்டம் வந்த வருஷம் எழுத்தர் வாப்பாவிடம், "நீ யாரு வீட்டு ஆளு?" என்று கேட்டிருப்பார். வாப்பா சொல்லியிருப்பார். அவர் எழுதிவிட்டார். இந்த நாட்டில் அடிமை முறையை 1846-இல் ஒழித்தார்கள் என்று வருஷா வருஷம் நெஞ்சை நிமிர்த்திப் பாடம் நடத்துகிறேன். பாடம் முடிந்ததும் வருகைப் பதிவில் இந்தப் பெயரில் கையெழுத்துப் போடுகிறேன்.

இது என்ன, உன் உறையின் பின்பக்கம் வெறும் "ஃபர்ஹாத், பாரிஸ்" என்று இருக்கிறது? பாரிஸில் நீ ஒருவன்தான் ஃபர்ஹாத்தா?

தபால்காரரைத் திட்டிக்கொண்டு காத்திருக்கும்
அக்கா மஸ்ஊதா

*

பாரிஸ்
30 அக்டோபர் 1978

மரியாதைக்குரிய அக்காவுக்கு, ஃபர்ஹாத்தின் ஸலாம். நான் நன்றாக இருக்கிறேன். கன்னம் ஒட்டியது படம் எடுத்தவனின் வேலை. உம்மாவை வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல், ஈரத் தரையில் உட்கார விடாதே.

கட்டத்தைக் கடையில் கூட்டமில்லாத நேரத்தில் போட்டுப் பார்த்தேன். நூரி முதலாளியும் கல்லாவில் உட்கார்ந்து பத்திரிகையில் வரும் கட்டத்தைத்தான் போடுவார், அதனால் யாரும் எதுவும் சொல்வதில்லை. எல்லாம் நிறைந்துவிட்டது. "அடிமைகளே போராடி அமைத்த குடியரசு, ஐந்து எழுத்து" என்பதற்கு ஃபிரான்ஸ் போட்டேன். எழுத்து எண்ணிக்கை சரியாக வந்தது. ஆனால் மேலிருந்து கீழ் வரும் இரண்டு சொற்கள் அசிங்கமாக முடிகின்றன. அங்கே உன் கட்டத்தில் ஏதோ தப்பு.

மனுவைப் பற்றி எழுதியிருந்தாய். உன் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் யோசித்துப் பார். போட்டிக்குப் பரிசுகள் எல்லாம் ஹாஜி அய்யூப் பின் ஜல்லால் கொடுக்கிறார். அவர் மகன் கடையில்தான் நான் இருக்கிறேன். நூரி முதலாளி என்னை வேலைக்காரன் மாதிரி நடத்தியதே இல்லை. பெருநாளைக்கு அவர் வீட்டில்தான் சாப்பாடு. பெயர் என்பது என்ன, நாலு எழுத்து.

உறைமேல் பெயர் நீளமாக இருந்தால் இங்குள்ள தபால்காரர் குழம்புகிறார். நீயும் "ஃபர்ஹாத், பின் ஜல்லால் மளிகை" என்று மட்டும் எழுது. வந்து சேரும்.

உம்மாவின் கையை முத்தமிடும்
தம்பி ஃபர்ஹாத்

*

ஜெர்பா
19 நவம்பர் 1978

அன்புத் தம்பிக்கு, ஸலாம். ஹஜ்ஜுப் பெருநாள் நல்லபடியாகக் கழிந்தது. ஆட்டை அறுக்க வந்த ஆள், கத்தியை மறந்துவிட்டு வந்தான். உம்மா அவனைத் திட்டியதில் முழங்கால் வலியே போய்விட்டது. நீ எப்படி இருக்கிறாய்? நூரி வீட்டுச் சோறு உடம்பில் ஒட்டுகிறதா?

கட்டத்தில் தப்பு இல்லை, தம்பி. உன் மண்டையில்தான். அரபியில் எண்ணிப் பார், ஃபிரான்ஸும் ஐந்து எழுத்துதான், ஹைத்தியும் ஐந்து எழுத்துதான். வேண்டுமென்றே வைத்தேன். பாதிப் பிள்ளைகள் ஃபிரான்ஸ் என்று எழுதுவார்கள், மேலிருந்து கீழ் வருகிற சொல் உடைந்ததும் தலையைச் சொறிவார்கள், அப்போதுதான் ஹைத்தி என்று ஒரு நாடு இருப்பது ஞாபகம் வரும். இப்படி முட்டினால்தான் சரித்திரம் மண்டையில் ஏறும். நீ ஏழு வருஷமாக அந்த நாட்டில் இருக்கிறாய், உனக்கு எல்லாக் கட்டத்திலும் ஃபிரான்ஸ்தான் தெரிகிறது.

மனு விசாரணைக்கு வந்தது. நீதிபதி வயதானவர், குரலை உயர்த்தாமல்தான் பேசினார்.

"இது கேலிப் பேரு இல்லியேம்மா. கேலிப் பேருன்னா மாத்தலாம், சட்டத்துல இடம் இருக்கு. இது கௌரவம்ல? உங்க முப்பாட்டனை விடுதலை பண்ணினாங்கன்னு காட்டுது."

"ஐயா, அதுல என் முப்பாட்டன் எங்க இருக்காரு? விடுதலை பண்ணினவங்க பேருதான இருக்கு."

"வம்சத்தோட அடையாளம்மா அது."

"அப்படின்னா ஜெயில்லேந்து வெளிய வர்றவங்களுக்கும் அடையாளமா ஒரு பேரு வச்சு விடுங்கய்யா. பேரன் பேத்தி வரைக்கும் வரட்டும்."

வக்கீல் என் சட்டைக் கையை இழுத்தார். மனு தள்ளுபடி. வெளியே வந்து வக்கீலிடம், மேல்முறையீடு எப்போது என்று கேட்டேன். அவர், "முதல்ல ஒரு டீ குடிப்போம்மா" என்றார்.

இன்னும் தோற்காத
அக்கா மஸ்ஊதா

*

பாரிஸ்
24 டிசம்பர் 1978

மரியாதைக்குரிய அக்காவுக்கு, ஸலாம். இங்கே எல்லாம் நலம். உம்மாவுக்கு ஒரு கம்பளிச் சட்டை அனுப்பியிருக்கிறேன். நிறம் பிடிக்காவிட்டாலும் போடச் சொல்.

கடையில் இது கிறிஸ்துமஸ் கூட்டம், அதனால் நீளமாக எழுத முடியவில்லை. தீர்ப்பு வந்துவிட்டது, இனி மனசை அலட்டிக்கொள்ளாதே. கட்டம் போடும் வேலையில் கவனத்தை வை. உன் பெயர் சுவரொட்டியில் வருவதே பெரிய விஷயம்.

கடிதத்தைத் தயவுசெய்து நான் சொன்ன மாதிரி விலாசமிட்டு அனுப்பு.

ஃபர்ஹாத்

*

ஜெர்பா
20 ஜனவரி 1979

அன்புத் தம்பிக்கு, ஸலாம். உம்மா அந்தக் கம்பளிச் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்கிறாள். நிறம் பிடிக்கவில்லை என்பதையும் ஊர் முழுக்கச் சொல்கிறாள். நான் சுகம். ஆனால் மனசு கொதிக்கிறது. ஏன் என்று கேள்.

நேற்று ஹிஷாம் பள்ளிக்கூடத்துக்கு வந்தார், கையில் சுவரொட்டியின் மாதிரி. பச்சை மையில் பெரிய எழுத்து. கடைசி வரியில், "கட்டம் அமைத்தவர்: ஆசிரியை மஸ்ஊதா பின் ஜல்லால்."

"நடுவுல ஒரு சொல்லு விட்டுப் போச்சே ஹிஷாம்" என்றேன்.

"விட்டுப் போகலை, மேடம். அழகா இருக்கட்டும்னுதான் எடுத்தோம். ஹாஜியும் மேடையில இருப்பாரு. அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம். எதுக்கு?"

"யாரு எடுக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலை. நாங்களே ஒரு மரியாதைக்கு..."

"நான் கோர்ட்டுக்குப் போய் எடுங்கன்னு கெஞ்சினேன். கௌரவம், வம்சம், எடுக்க முடியாதுன்னாங்க. நீங்க பச்சை மையால ஒரு நிமிஷத்துல எடுத்துட்டீங்களே. உங்களையே நீதிபதியா போட்டிருக்கலாம்."

"உங்களுக்கு நல்லதுதானே மேடம்? நீங்க கேட்டதும் அதுதானே?"

"நான் கேட்டது அடையாள அட்டையில. நீங்க எடுக்கிறது சுவத்துல. அதோட, இப்படிப் போட்டா நான் ஹாஜி வீட்டுப் பொண்ணுன்னு ஆகுது. ஈச்சந்தோப்புல பங்கு குடுப்பாரா, கேட்டுச் சொல்லுங்க."

அவர் எழுந்து போய்விட்டார். நான் சொன்னது இதுதான், தம்பி: சட்டத்தில் எடுக்கட்டும், அன்றைக்கு நானே சுண்ணாம்பு அடித்து அழிக்கிறேன். அதுவரை என் பெயர் எங்கே வந்தாலும் முழுசாக வரவேண்டும். அவர்களுக்குக் கூசும்போது மறைக்கவும், எனக்கு வலிக்கும்போது வைத்துக்கொள்ளவும் அது என்ன அவர்கள் வீட்டுத் திரைச்சீலையா? முழுப் பெயரைப் போடாவிட்டால் கட்டம் கிடையாது என்று சொல்லியனுப்பினேன். சரி, பார்க்கலாம் என்று பதில் வந்திருக்கிறது. அந்தப் "பார்க்கலாம்" என்ன ரகம் என்று உனக்கும் தெரியும்.

இந்த உறையின் மேல் உன் பெயரையும் முழுசாக எழுதியிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. இனி எழுதினால் அப்படித்தான் எழுதுவேன்.

அக்கா மஸ்ஊதா

*

ஜெர்பா
25 பிப்ரவரி 1979

ஃபர்ஹாத்துக்கு, ஸலாம். நாங்கள் சுகம். நீயும் சுகமாக இருப்பாய்.

ஜனவரியில் நான் எழுதிய கடிதம் நேற்றுத் திரும்பி வந்தது, பிரிக்காமலே. உறைமேல் "இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை" என்று பிரெஞ்சில் எழுதியிருக்கிறது. தபால்காரர் எழுதினாரோ என்று முதலில் நினைத்தேன். ஆனால் உனக்குப் பிரெஞ்சு எழுத்துப் போடக் கற்றுக்கொடுத்ததே நான்தான். உன் கையெழுத்தை இருட்டில்கூடச் சொல்லிவிடுவேன்.

உம்மாவிடம் சொல்லவில்லை. விலாசம் தப்பு என்றேன்.

அந்தக் கடிதத்தை இன்னொரு உறைக்குள் வைத்து, நீ கேட்டபடி "ஃபர்ஹாத், பின் ஜல்லால் மளிகை" என்று எழுதி அனுப்புகிறேன். இதைத் திருப்பி அனுப்ப மாட்டாய் என்று நினைக்கிறேன். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வருகிறது. கோர்ட்டில் அந்நியர் முன்னால் நின்றபோது எனக்குத் துணையாக மனசில் ஒரு தம்பி நின்றுகொண்டிருந்தான். அவன் யார் என்று இப்போது தெரியவில்லை.

மஸ்ஊதா அதீக் பின் ஜல்லால்

*

பாரிஸ்
8 மார்ச் 1979

அக்காவுக்கு, ஸலாம். உன் இரண்டு கடிதங்களும் ஒரே உறையில் வந்தன.

திருப்பி அனுப்பியதைப் பற்றி என்ன எழுத என்று தெரியவில்லை. அன்று கடை நிறைய ஆள். தபால்காரர் பெயரை உரக்கப் படித்தார். நம் தீவுக்காரர்கள் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவ்வளவுதான்.

இங்கே எல்லோருக்கும் நான் நூரி முதலாளியின் தூரத்துச் சொந்தம். அதை நான் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. வந்த புதிதில் யாரோ அப்படி நினைத்துக்கொண்டார்கள், நாங்கள் இருவரும் மறுக்கவில்லை. "நம்ம வீட்டுப் பையன்" என்பார். இப்போது நம் நாட்டு மொனாஸ்தீர் ஊர்க்காரர் ஒருவரின் மகளை எனக்குப் பார்த்திருக்கிறார். நல்ல குடும்பம். அவர்களுக்கு என் பெயர் ஃபர்ஹாத் பின் ஜல்லால்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அவர்கள் போட்ட மாதிரியே பெயர் வந்துவிட்டுப் போகட்டும். அது அவமானம் இல்லை அக்கா. கொஞ்சம் மூச்சு விட இடம். எனக்கு அந்த இடம் தேவைப்பட்டது. உம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

ஃபர்ஹாத்

*

ஜெர்பா
18 மார்ச் 1979

தம்பிக்கு, ஸலாம். உம்மாவின் முழங்கால் நன்றாக இருக்கிறது. உனக்குக் கல்யாணம் என்றால் எனக்குச் சந்தோஷம்தான். அந்தப் பெண் உன்னை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடப்போகிறாள் என்பது நீயும் அவளும் பேசித் தீர்க்க வேண்டியது.

நீ கேட்டதைச் செய்ய முடியாது. ஏற்கெனவே வேறொன்று செய்துவிட்டேன். போட்டிக்கு இன்னும் சில நாள்தான் இருக்கிறது. சுவரொட்டி ஒட்டிவிட்டார்கள், பச்சை மையில், நடுவில் அந்தச் சொல் இல்லாமல். கேள்வித்தாளும் அப்படித்தான் வரும் என்று தெரிந்துவிட்டது. அதனால் கட்டத்தையே மாற்றினேன். புதுத் தாளை நானே ஸ்டென்சிலில் வெட்டி, பள்ளி மெஷினில் சைக்ளோஸ்டைல் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வலமிருந்து இடம், பதினேழாவது குறிப்பு இது:

"1846-இல் சட்டம் போட்டார்கள். சட்டத்துக்குப் பிறகும் இந்த நாட்டில் மிச்சம் இருப்பது. நான்கு எழுத்து. விடை தெரியாதவர்கள், கட்டம் அமைத்தவரின் பெயரைக் கீழே பார்க்கவும்."

கீழே என் முழுப் பெயர்.

ஹிஷாம் படித்துவிட்டு வெளிறிப்போனார். அந்த ஒரு குறிப்பை எடுத்துவிடுங்கள் என்றார். எடுங்கள் என்றேன். அந்த நான்கு அரபி எழுத்தும் வேறு நான்கு சொற்களுக்குள் போகின்றன, அந்தச் சொற்கள் இன்னும் எட்டுச் சொற்களுக்குள் போகின்றன. ஒன்றை உருவினால் மொத்தமும் சரியும். அவர் பேனாவை எடுத்து முயன்று பார்த்தார். நான் அவர் மேசையில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தேன். குறிப்பை மட்டும் மாற்றி எழுதலாம் என்றால் ஸ்டென்சில் என் கையில். வானொலியில் போட்டியை அறிவித்தாயிற்று, நிறுத்தவும் முடியாது. "என் வேலை போயிடும் மேடம்" என்றார். பாவம்தான். "என்மேல பழியப் போடுங்க, நான் மாட்டேன்னு சொல்ல மாட்டேன்" என்றேன்.

தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். போட்டுப் பார்ப்பதும் பார்க்காததும் உன் இஷ்டம்.

அக்கா

*

ஜெர்பா
2 ஏப்ரல் 1979

தம்பிக்கு, ஸலாம். நாங்கள் உயிரோடும் திடத்தோடும் இருக்கிறோம். நீ பதில் போடவில்லை. நானே எழுதுகிறேன், யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

கூடம் நிறையப் பிள்ளைகள். தாள் கொடுத்ததும் பேச்சு அடங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் குனிந்து எழுதினாள். பிறகு இன்னொருத்தி. அப்புறம் ஒரு பையன், அவன் நம்மைப்போலக் கறுப்பு நிறம். கையைத் தூக்கி, "டீச்சர், விடையில நம்ம பேரை எழுதலாமா?" என்று கேட்டான். "கட்டத்துல பொருந்துதா?" என்றேன். "பொருந்துது." "அப்ப எழுது" என்றேன். கூடம் சிரித்தது, அவனும் சிரித்தான்.

பரிசளிப்புக்கு முன்னால் விடைகளை ஹாஜி அய்யூப்தான் வாசித்தார், அது வழக்கம். ஹைத்திக்கு அடிதடி மாதிரி சத்தம். பாதிப் பேர் ஃபிரான்ஸ் போட்டிருந்தார்கள், உன்னைப்போல. பதினேழுக்கு வந்தபோது அவர் கேள்வியை விட்டுவிட்டு விடையை மட்டும் வாசித்தார். "அதீக். அதாவது பழமையானது. மக்காவின் பழமையான ஆலயத்தைக் குறிக்கும் சொல், பிள்ளைகளே." அந்தச் சொல்லுக்கு அந்தப் பொருளும் உண்டுதானே. முன்வரிசைப் பெரியவர்கள் சுபஹானல்லாஹ் என்றார்கள். கிழவர் கெட்டிக்காரர், நான் ஒத்துக்கொள்கிறேன்.

நான் எழுந்தேன்.

"ஹாஜி, விடை சரி. பொருள் அது இல்லை. கேள்விய படிங்க."

"உக்காரும்மா, நேரமாச்சு."

"மத்த எல்லாத்துக்கும் கேள்விய படிச்சீங்களே. இதுக்கும் படிச்சிட்டா உக்காந்துடறேன்."

அவர் என்னைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்தார். பிறகு படித்தார், கடைசி வரி வரைக்கும். என் பெயரையும் படித்தார். அவர் வீட்டுப் பெயர் என் பெயருக்குள் கிடப்பதை மைக்கில் அவரே சொன்னார். தாளை மடித்து வைத்துவிட்டுப் பரிசு கொடுக்காமலே இறங்கிப் போய்விட்டார். ஹிஷாம்தான் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து உம்மாவிடம் சொன்னேன். அவள் அந்த வீட்டில் பாத்திரம் கழுவினவள், இன்றைக்கும் அவரை "எசமான்" என்கிறவள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"சத்தமா படிச்சாரா?"

"மைக்குல."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"நல்லா படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் சோறு போட்டாள். மீனில் பெரிய துண்டு எனக்கு வந்தது.

எனக்கு மாற்றல் வந்துவிட்டது. தெற்கே பாலைவனத்து ஓரத்தில் ஒரு பள்ளி. போவேன், அங்கேயும் பிள்ளைகளும் கரும்பலகையும் இருக்கும். போவதற்கு முன்னால் இரண்டாவது மனுவைக் கொடுக்கிறேன். வக்கீல் சொல்கிறார், ஒரே குடும்பத்தில் ஒருவர் கேட்டால் பிடிவாதம் என்பார்களாம், பலர் கேட்டால் கோரிக்கை என்பார்களாம். உம்மா கைநாட்டு வைக்கிறேன் என்றாள். உன்னிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

அக்கா மஸ்ஊதா

*

பாரிஸ்
6 மே 1979

என் அக்காவுக்கு, ஃபர்ஹாத்தின் ஸலாம். தெற்கே வெயிலில் இருப்பாய் என்று நினைக்கிறேன். தண்ணீரைக் காய்ச்சிக் குடி. உம்மாவைத் தனியே விட்டுவிட்டாயா, கூட்டிக்கொண்டு போனாயா? எழுது.

நீ அனுப்பிய தாளை ஒரு மாதம் கோட்டுப் பையிலேயே வைத்திருந்தேன். போடவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. போன வாரம் கோட்டை ஆணியில் மாட்டும்போது அது கீழே விழுந்தது. நூரி முதலாளி எடுத்தார். அவரைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, கட்டத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. ஹாஜி அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை போலிருக்கிறது.

"வரலாறா? குடு பாப்போம். ஐந்தெழுத்து, அடிமைங்க அமைச்ச குடியரசு. ஃபிரான்ஸ்" என்று எழுதினார்.

"ஹைத்தி, முதலாளி" என்றேன்.

"அட, ஆமால்ல" என்று அடித்து எழுதினார். கடையில் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். நம் தீவுக்காரர்களும் உண்டு, மொனாஸ்தீர்ப் பெண்ணின் அப்பாவும் ஆலிவ் எண்ணெய் வாங்க வந்திருந்தார். முதலாளி பதினேழை உரக்கப் படித்தார். "சட்டத்துக்குப் பிறகும் மிச்சம் இருப்பது... தெரியாதவங்க கீழ பேரைப் பாக்கணுமாம். யாருடா இவ்வளவு திமிரா கட்டம் போட்டது?" என்று சிரித்துக்கொண்டே கீழே பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

தாளை மெல்ல மடித்து என் பக்கம் தள்ளினார். "விட்ரு. அது காலியாவே இருக்கட்டும்" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. நல்லவர் அக்கா அவர். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஏழு வருஷமாக அவர் என்னைக் காப்பாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார், என்னிடமிருந்தே.

நான் தாளை விரித்து, அவர் பேனாவையே வாங்கி, வலமிருந்து இடமாக நான்கு எழுத்தையும் எழுதினேன்.

"என்ன விடை, ஃபர்ஹாத்?" என்று மொனாஸ்தீர்க்காரர் கேட்டார்.

"என் பேரு" என்றேன். "கட்டம் போட்டது எங்க அக்கா."

"உன் பேரு பின் ஜல்லால்தானே?"

"அது இவங்க பேரு. நாங்க இவங்க வீட்டுல அடிமையா இருந்தவங்க. பேரைக் கேட்டா இப்பவும் தெரியும். முழுசா சொன்னா."

அவர் எண்ணெய் வாங்காமல் போனார். முதலாளி கல்லாவைத் திறந்து மூடினார், திறந்து மூடினார். "இப்ப இதைச் சொல்லணுமா?" என்றார். "வேற எப்ப முதலாளி?" என்றேன். அவர் என்னைப் போகச் சொல்லவில்லை, நானும் போகவில்லை. பெண் வீட்டிலிருந்து இதுவரை ஒரு வார்த்தையும் இல்லை. "நம்ம வீட்டுப் பையன்" என்பது மட்டும் நின்றுவிட்டது. அது இல்லாமல் மூட்டை தூக்குவது இலேசாக இருக்கிறது.

நேற்று தூதரக அலுவலகத்துக்குப் போனேன். உன் மனுவில் நானும் சேர்ந்துகொள்வதற்கு அங்கே கையெழுத்துப் போட வேண்டுமாம். எழுத்தர் முழுப் பெயரைக் கேட்டார். சொன்னேன். பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். அவர் பாதியை எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"இந்த நடுச் சொல்லை எடுக்கணும்னுதானே மனு? அப்ப அதை எதுக்கு எழுதணும்? விட்டுடலாமே."

"எழுதுங்க" என்றேன். "எழுதாததை எப்படி எடுக்கிறது?"

எழுதினார். ஒரு எழுத்தைத் தவறாகப் போட்டார், திருத்தச் சொன்னேன். சான்றிட்ட நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். வக்கீலிடம் கொடு.

உன் தம்பி,
தீர்ப்பு வரும்வரை,
ஃபர்ஹாத் அதீக் பின் ஜல்லால்